வயிற்றுப் புற்று: காவல்காரர்கள் ஏன் கை கட்டி நிற்கிறார்கள்?

"ஏனுங்க டாக்டர், ஒடம்புல எதிர்ப்பு சக்தி கொறஞ்சு போனதாலதானே இந்தக் கட்டி வந்துச்சு? அதைக் கூட்டுற மூலிகை கொல்லிமலையில இருக்குதாமா... அதைக் குடுத்துருங்க, ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்!"

வயிற்றில் புற்று என்று பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த குடும்பங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். சேலம், திருச்சி, சென்னை என்று எங்கெங்கிருந்தோ புறப்பட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தலைசுற்றலும் வாந்தியுமாக மேலே ஏறி வருகிறார்கள். கொல்லிமலை என்றாலே சித்தர்கள் வாழ்ந்த குகை, கருநெல்லி, காயகல்பம் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. நானும் அந்த வைத்தியத்தைப் படித்தவன்தான். ஆனால் அந்தக் கேள்வியில் பாதி சரி, பாதி தவறு. தவறான அந்தப் பாதி சில பேருடைய உயிரையே வாங்கிவிடுகிறது. அதனால்தான் இந்த மாதப் பாடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். வயிற்றுப் புற்றுக் கட்டியில் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அங்கே புற்று செல்கள் மட்டும் இருக்காது. நடுநடுவே வெள்ளை அணுக்கள், புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள், நார் நாராக இழை பின்னும் செல்கள் எல்லாம் கலந்து கிடக்கும். சில கட்டிகளில் புற்று செல்லைவிட மற்ற செல்கள்தான் அதிகம்! இந்தக் கலவை முழுவதையும் சேர்த்துத்தான் 'கட்டியின் சுற்றுச்சூழல்' என்கிறார்கள் இன்றைய டாக்டர்கள்.

விதை மட்டும் போதாது, அதற்கேற்ற நிலமும் வேண்டும் என்பதை 1889-லேயே ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் சர்ஜன் எழுதிவிட்டார். மார்பகப் புற்று ஏன் எல்லா உறுப்புக்கும் ஒரே மாதிரி பரவுவதில்லை, சில உறுப்புகளை மட்டும் ஏன் தேடிப் போகிறது என்று யோசித்தவர் அவர். நம் மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி இங்கே எப்படிக் காய்க்கிறது! அதே கொடியைக் கொண்டுபோய் நாமக்கல் வெயிலில் நட்டுப் பாருங்கள்.

சித்த மருத்துவத்திலும் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்து, எந்த நிலத்தில் எந்தக் குற்றம் மிகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காக 'இதெல்லாம் சித்தர்கள் அன்றே சொன்னதுதான்' என்று மார்தட்ட மாட்டேன். அவர்கள் பேசியது மனிதன் வாழும் நிலத்தைப் பற்றி. இவர்கள் பேசுவது ஒரு செல் வாழும் நிலத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல.

நிலத்தை உழுது வைப்பது யார்?

வயிற்றில் இந்த நிலத்தைப் பண்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஒரு கிருமி. பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இரும்பையே அரிக்கும் அமிலத்துக்குள் கிருமி எப்படி உயிர் வாழும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பவில்லை. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் 1982-ல் அதை வளர்த்துக் காட்டினார்கள். அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே மடமடவென்று குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி, வயிற்று அழற்சி. (வீட்டில் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.) 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, இது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் கிருமி என்று முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். அப்புறம் சளிப்படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். உடம்பு சும்மா இருக்குமா? வெள்ளை அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். கிருமி போகாது, சண்டையும் ஓயாது. பத்து, இருபது, முப்பது வருஷம் நடக்கும் சண்டை! அதில் அடிபடுவது நம் இரைப்பையின் உள் தோல். முதலில் அழற்சி, அப்புறம் சுரப்பிகள் தேய்ந்துபோகும், அப்புறம் இரைப்பைத் தோல் குடல் தோல் போல மாறும், அதற்குப் பிறகு சிலருக்குப் புற்று. கிருமி உள்ள எல்லோருக்கும் வருமோ என்று பயப்பட வேண்டாம். நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேருக்குத்தான் இது புற்று வரை போகிறது. உப்புக் கண்டம், கருவாடு, உப்பில் ஊறிய பண்டங்களை அதிகம் தின்பவர்களுக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

கவனித்தீர்களா? இங்கே எதிர்ப்பு சக்தி குறைந்து போகவில்லை. வருஷக்கணக்கில் ஓயாமல் வேலை செய்ததுதான் நிலத்தைக் கெடுத்தது. 'சக்தி குறைந்ததால் கட்டி வந்தது' என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

நிலத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் ஆச்சரியமான உதாரணம் உண்டு. இரைப்பையில் 'மால்ட் லிம்ஃபோமா' என்று ஒரு வகைப் புற்று வரும். இது உள் தோலில் வருவதல்ல. சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்களே கட்டியாவது. 1993-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 6 பேருக்கு வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் கிருமியை ஒழித்தார்கள். 5 பேருக்குக் கட்டி மறைந்தது! கீமோதெரபியும் இல்லை, கத்தியும் இல்லை. தூண்டிவிட்டுக்கொண்டிருந்த கிருமி போனதும் கட்டி உதிர்ந்துவிட்டது. இது அந்த ஒரு வகைக்கு மட்டும்தான், அதிலும் ஆரம்ப நிலையில்தான். சாதாரண வயிற்றுப் புற்றுக்கு இது நடக்காது. யாரும் அவசரப்பட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம்.

ஆனால் புற்று வருவதற்கு முன்னாலேயே கிருமியை ஒழித்தால்? தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் பரிசோதித்துக் கிருமியை ஒழித்து வந்தார்கள். அங்கே வயிற்றுப் புற்று பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. ஜப்பானில் 2013 முதல், இரைப்பை அழற்சி இருந்தாலே இந்தச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு.

நம் ஊர்க் கதை என்ன? அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கியது. அங்கேதான் 1982 முதல் சென்னை நகரத்தின் புற்றுநோய்க் கணக்கு வருஷா வருஷம் எடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் ஆண்களிடம் வெகுகாலம் முன் வரிசையில் இருந்தது வயிற்றுப் புற்றுதான். அதனால் இது ஜப்பான்காரன் வியாதி, நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பரண் மேல் காவல்

சரி, கட்டி வந்துவிட்டது. உடம்பின் காவல்காரர்கள் எங்கே? அவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். கட்டிக்கு நடுவிலேயே நிற்கிறார்கள். ஆனால் கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சாமை விளைகிற பருவத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து பரண் கட்டிக் காவல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பன்றி நான்கு விதமாகத் தப்பிக்கலாம். காவல்காரன் உள்ளேயே வர முடியாதபடி முள்வேலி இருக்கலாம். வந்தவனுக்குச் சோறு இல்லாமல் போகலாம். 'சும்மா இரு' என்று அதட்டும் மேஸ்திரி பக்கத்திலேயே நிற்கலாம். அல்லது பன்றியே 'நான் உங்க வீட்டு மாடு' என்று அடையாளம் காட்டலாம். வயிற்றுப் புற்று இந்த நாலு வித்தையையும் தெரிந்து வைத்திருக்கிறது.

வேலியை எடுத்துக்கொள்வோம். 1965-ல் லாரன் என்ற ஃபின்லாந்து நிபுணர் வயிற்றுப் புற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று குடல் வகை, இன்னொன்று பரவல் வகை. பரவல் வகையில் செல்கள் கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள் தனித்தனியாக ஊடுருவும். அதைச் சுற்றி நார் செல்கள் இழையைப் பின்னிப் பின்னி, இரைப்பையே காய்ந்த தோல் பை மாதிரி இறுகிவிடும். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். இந்த நார்க் காட்டைத் தாண்டி வெள்ளை அணுக்கள் உள்ளே போவது கஷ்டம். இளவயதினருக்கும் வரக்கூடியது இந்த வகை.

சோறு இல்லாத கதை வேறு. புற்று செல்கள் சர்க்கரையைப் பெருந்தீனி தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும். சர்க்கரை இல்லாத, புளித்துப்போன அந்த இடத்தில் டி செல் என்னும் போர்வீரன் சோர்ந்துவிடுவான்.

மேஸ்திரி விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டி செல்களில் கொல்லும் வகை உண்டு, அடக்கும் வகையும் உண்டு. அடக்கும் வகை எதற்கு? அது இல்லாவிட்டால் நம் வீரர்கள் நம் மூட்டையே தாக்குவார்கள், கணையத்தையே தாக்குவார்கள். மூட்டுவாதமும் குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை வியாதியும் இப்படி வீரர்கள் கட்டு மீறுவதால் வருபவைதான். இந்த அடக்கும் செல்களைக் கண்டறிந்த ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும், அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். புற்றுக்கட்டி இந்த மேஸ்திரிகளைத் தன் பக்கத்துக்கு வரவழைத்து வைத்துக்கொள்கிறது! குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய வெள்ளை அணுவும் அங்கே போனால் புத்தி மாறிவிடும். சண்டை போடுவதற்குப் பதிலாகக் காயம் ஆற்றுகிறேன் பேர்வழி என்று கட்டிக்குப் புது ரத்தக் குழாய் போட்டுக் கொடுக்கும்.

கடைசி வித்தை, பொய் அடையாளம். டி செல்லின் மேல் பி.டி.1 என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். காய்ச்சல் தீர்ந்த பிறகு சண்டையை நிறுத்த உடம்பு வைத்திருக்கும் பொத்தான் அது. புற்று செல் பி.டி.எல்.1 என்ற விரலை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறது. வீரன் கண் முன்னால் எதிரி நிற்கிறான், ஆனால் கை ஓங்காது.

பொத்தானை மூடும் மருந்து

பி.டி.1-ஐ 1992-ல் கண்டறிந்தது கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு. இதே மாதிரி இன்னொரு பிரேக்கை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். 2018-ல் இருவருக்கும் நோபல். அந்தப் பொத்தானை மூடி வைக்கும் ஊசி மருந்துதான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்பவை. வீரனுக்குப் புதிதாகச் சக்தி ஏற்றுவதில்லை. கட்டிப்போட்ட கையை அவிழ்த்து விடுகிறது, அவ்வளவுதான்.

பலன் எவ்வளவு? உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். முற்றிய வயிற்றுப் புற்று உள்ள 1,581 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. பி.டி.எல்.1 மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் நடுத்தர ஆயுள் 11.1 மாதம், நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.4 மாதம். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சராசரிக்கு உள்ளே ஒளிந்திருப்பவர்களைப் பாருங்கள்: சிலருக்குப் பலனே இல்லை, சிலர் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். யாருக்குப் பலிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனைகள்.

2014-ல் அமெரிக்காவில் 295 கட்டிகளை அலசி வயிற்றுப் புற்றை நான்காகப் பிரித்தார்கள். அதில் சுமார் 9 சதவிகிதம் எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் தங்கியவை. சுமார் 22 சதவிகிதம் 'எம்.எஸ்.ஐ.' வகை. இந்த எம்.எஸ்.ஐ. என்றால் என்ன? செல் பிரியும்போது மரபு எழுத்துக்களைப் படி எடுக்கும். பிழை திருத்துகிறவர் லீவு போட்டுவிட்டால் பத்திரிகை எப்படி வரும்? அப்படிப் பிழை மலிந்த செல்கள் இவை. பிழை அதிகமானால் முகம் விகாரமாகும். காவல்காரர்களுக்கு அடையாளம் தெரியும். அதனால் இந்த இரண்டு வகைக்கும் பொத்தான் மருந்து நன்றாக வேலை செய்கிறது. கொரியாவில் 61 பேரிடம் பார்த்தபோது, வைரஸ் வகையினர் 6 பேரில் 6 பேருக்கும், எம்.எஸ்.ஐ. வகையினர் 7 பேரில் 6 பேருக்கும் கட்டி சுருங்கியது. சின்னக் கணக்குதான், இருந்தாலும் திசை தெரிகிறது.

ஆகவே, முற்றிய வயிற்றுப் புற்று என்று ரிப்போர்ட் வந்தால் உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "பி.டி.எல்.1, எம்.எஸ்.ஐ., ஹெர்-2 டெஸ்ட் எல்லாம் பார்த்தாச்சுங்களா?" அந்த மதிப்பெண்ணைப் போடும்போது புற்று செல்லை மட்டுமல்ல, சுற்றி நிற்கும் வெள்ளை அணுக்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். மருந்து லட்சக்கணக்கில் செலவு வைக்கும். பலிக்குமா என்று பாராமல் வீட்டை அடமானம் வைப்பது தேவையில்லாத வேலை.

மூலிகைக்கு வருவோம்

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். எதிர்ப்பு சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி அல்ல, குடம் குடமாக ஊற்றி நிரப்ப. அதில் கொல்பவனும் உண்டு, அடக்குபவனும் உண்டு. பொத்தாம்பொதுவாகத் தூண்டினால் யார் தூண்டப்படுவார்கள்? கட்டிக்குள் கை கட்டி நிற்பவனின் கட்டை எந்த லேகியமும் அவிழ்ப்பதாக நிரூபணம் இல்லை.

முடவாட்டுக்கால் சூப் இங்கே மலை ஏறும் வழியெல்லாம் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு மயிரோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டு வலிக்கு மலைமக்கள் பரம்பரையாகச் சாப்பிடுகிறார்கள். மிளகு தட்டிப்போட்டுக் குடித்தால் குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறது. அதைப் 'புற்றைக் கொல்லும் கிழங்கு' என்று விற்பதைத்தான் சகிக்க முடியவில்லை. சோதனைக் குழாயில் புற்று செல்லைக் கொல்லும் மூலிகைகள் நிறைய உண்டு. சேராங்கொட்டையும் அதில் ஒன்று. ஆனால் சோதனைக் குழாயில் நார்வேலி இல்லை, மேஸ்திரி இல்லை, பொத்தான் இல்லை. அந்தச் சுற்றுச்சூழலே அங்கே கிடையாது. அங்கே ஜெயித்தது உடம்பில் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பெரிய கவலை இதைவிட வேறு. குன்மம் எட்டு வகை என்று யூகி முனிவர் நூலில் படித்தோம். எரிச்சல், உப்புசம், பசியின்மை என்று வருகிறவர்களுக்கு ஏலாதி சூரணம் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். சங்கடம் என்னவென்றால், ஆரம்பப் புற்றின் எரிச்சலும் அதே மருந்துக்குக் கொஞ்சம் அடங்கிவிடும். ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் மாத்திரையிலும் இதே கதைதான். ஆங்கில மருந்தென்றால் விதிவிலக்கு இல்லை. நோய் அடங்கியது என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓடிவிடும். உள் தோலோடு நிற்கும் புற்றை அறுவையால் அடியோடு நீக்கிவிடலாம். சில சமயம் எண்டாஸ்கோப்பி வழியாகவே வழித்து எடுத்துவிடலாம். அந்த ஆறு மாதம் அதைப் பறித்துவிடக்கூடும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வயிற்றுக் கோளாறு ஆரம்பித்தால், எந்த வயதானாலும் காரணமில்லாமல் எடை குறைந்தால், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தால், மலம் தார் போலக் கறுத்தால், ரத்தசோகை இருந்தால், விழுங்கக் கஷ்டமானால், அடிக்கடி வாந்தி வந்தால், என்னைப் போன்றவர்களிடம் வருவதற்கு முன் எண்டாஸ்கோப்பி எடுத்துவிட்டு வாருங்கள். சேலம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த வசதி உண்டு. பத்து நிமிஷ வேலை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு வயிற்றுப் புற்று இருந்திருந்தால் பைலோரி கிருமிக்கும் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கோர்ஸை, பொதுவாக 14 நாள், டாக்டர் சொன்னபடி முழுசாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

பொத்தான் மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கை அவிழ்ந்த வீரன் சில சமயம் நம் குடலையும், தைராய்டையும், நுரையீரலையும், கல்லீரலையும், தோலையும் தாக்குவான். கீமோதெரபி பேதி மாதிரி இது சும்மா நிற்காது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் பேதி ஆனாலோ, புதிதாக இருமலும் மூச்சு வாங்கலும் வந்தாலோ, மாதுளைத் தோல் கஷாயம் போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே உங்கள் புற்றுநோய் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். எந்தச் சூரணம், எந்த லேகியம் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லீரல் டெஸ்டில் கோளாறு தெரிந்தால், காரணம் ஊசியா லேகியமா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டுமே!

இரைப்பையை எடுத்துவிட்டவர்கள் ஒரு நாளைக்கு ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுங்கள். சாமைக் கஞ்சி, குழைந்த சோறு, முட்டை, பருப்பு எல்லாம் தாராளமாகக் கொள்ளலாம். சாப்பிடும்போதே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பி-12 சத்தை உடம்பு ஏற்க இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. முழு இரைப்பையும் போய்விட்டால் அந்தப் பொருளும் போய்விடும். அதனால் பி-12 ஊசியை ஆயுசு முழுக்க டாக்டர் சொன்ன தேதியில் போட்டுக்கொள்ள வேண்டும்.